தாவர எரிபொருளின் கணக்கில் நிலத்தைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவர எரிபொருள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். ‘செடி வளரும்போது உறிஞ்சிய கரியமில வாயுவைத்தான் வண்டி திரும்ப வெளியிடுகிறது, ஆகவே நிகர உமிழ்வு சுழியம்’ என்று அதில் ஒரு வாக்கியம். சர்க்கரை ஆலைகளிலும் அவற்றை ஒட்டிய எரிசாராய ஆலைகளிலும் செலவுக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு ஒரு நிர்வாகம் என் முன்னால் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதம்.

அந்த வாக்கியம் பொய்யில்லை, தொல்லையே அதுதான். எரிசாராயமான எத்தனால் எரியும்போது புகைக்குழாய் வழியே வெளியேறும் கார்பன், கரும்போ மக்காச்சோளமோ காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். (தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலில் இதுகூட முழு உண்மையில்லை. எண்ணெயோடு சேர்க்கும் மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. பயோடீசல் மூலக்கூறில் ஏறக்குறைய 19 கார்பன் அணுக்களுக்கு ஒன்று அப்படி வந்து சேர்ந்தது.) ஆனால் வயலுக்கும் வண்டியின் டாங்கிக்கும் நடுவே நடப்பவை எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. வயலாவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்பதும் இல்லை.

முதலில் ஆலைக்குள் நடப்பதைச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த இடம் என்பதால். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதுமாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். சர்க்கரையில் இருந்த கார்பனில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியின் மேல்வாயிலேயே போய்விடுகிறது. அது செடி எடுத்த கார்பன்தான், உமிழ்வில் சேராது, சரி. ஆனால் அத்தனையையும் விளைவிக்க உரமும் நீரும் நிலமும் செலவானது செலவானதுதான். அடுத்து, நொதித்த கரைசலில் சாராயம் பத்து சதவீதம் அளவில்தான் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைக் காய்ச்சி வடித்து எடை அளவில் 95.6 சதவீதம் வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் சாதாரண வடிப்பில் ஏறாது. மூலக்கூறுச் சல்லடை போன்ற வேறு வழியில் நீரைப் பிரித்த பிறகே பெட்ரோலில் கலக்க முடியும். இத்தனைக்கும் நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு அடியில் எது எரிகிறது என்பதுதான் ஆலைக் கணக்கின் உயிர்நாடி.

கரும்புச் சக்கை எரிந்தால் கணக்கு நன்றாகவே இருக்கும். பிரேசிலின் கரும்பு எத்தனாலுக்கு நல்ல பெயர் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: ஆலையின் வெப்பமும் மின்சாரமும் சக்கையிலிருந்தே வருகின்றன, மிஞ்சும் மின்சாரம் வெளியே விற்பனையாகிறது. ஆனால் அரவைப் பருவம் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. பருவம் முடிந்த பிறகும், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைச் சேமித்து வைத்து, அதைக் கொண்டு எரிசாராய ஆலையை ஓட்டுவார்கள். அப்போது சக்கை தீர்ந்துவிட்டால்? ‘எங்கள் ஆற்றல் தேவை முழுவதும் சக்கையிலிருந்தே’ என்று அறிக்கையில் அச்சடித்திருந்த ஓர் ஆலையில், நிலக்கரிக் கொள்முதல் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நிலக்கரி வாங்குவதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பதிவேடு வருவதற்குத்தான் நேரமானது. அறிக்கையில் இருந்தது அரவைப் பருவத்து எண். ஆலை ஓடியதோ அதற்கும் அப்பால். சக்கை எரிந்த மாதத்திலும் நிலக்கரி எரிந்த மாதத்திலும் வெளிவந்த எத்தனாலை எந்தச் சோதனைக்கூடத்தில் கொடுத்தாலும் வேறுபாடு காண முடியாது. கார்பன் தடம் திரவத்தில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

கழிவுநீர்க் குளத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த விதியில், தாவர எரிபொருள் குறைந்தது 35 சதவீதம் உமிழ்வை மிச்சப்படுத்த வேண்டும் என்று வைத்தார்கள். பாமாயில் பயோடீசலுக்கு அதில் தந்திருந்த இயல்பு மதிப்பு (தனியாக அளக்காதபோது எடுத்துக்கொள்ளும் எண்) 19 சதவீதம். அதே பாமாயில், ஆலைக் கழிவுநீரிலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்துவிட்டால் 56 சதவீதம். ஒன்று தேறாது, மற்றது தாராளமாகத் தேறும். நடுவில் இருப்பது திறந்த குளமா, மூடிய குளமா என்ற வேறுபாடு மட்டுமே. மீத்தேன் நூறாண்டு அளவில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் என்பதால் இந்த நிலை.

வயலுக்கு வருவோம். தழைச்சத்து உரத்துக்கான அம்மோனியாவைச் செய்யவே இயற்கை எரிவாயுவோ நிலக்கரியோ செலவாகிறது. வயலில் போட்ட பிறகு அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறி மேலே போகிறது. சிறு பங்குதானே என்று விட முடியாது. அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கும் சற்று அதிகம் வலிமையானது. 1995இல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான பால் குரூட்ஸனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2008இல் இதைக் கணக்கிட்டார்கள். புதிதாக மண்ணில் சேரும் நைட்ரஜனில் 3 முதல் 5 சதவீதம் வரை இறுதியில் இந்த வாயுவாகிறது என்றால், கடுகு இன எண்ணெயிலிருந்து வரும் பயோடீசலும் மக்காச்சோள எத்தனாலும் மிச்சப்படுத்துவதைவிட அதிகம் சூடேற்றக்கூடும் என்பது அவர்கள் கண்டது. அந்த விகிதத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஏற்காவிட்டாலும், தாவர எரிபொருள் பற்றிய ஒரு கட்டுரையில் உரம் என்ற சொல்லே வராமல் போவது சரியில்லை.

இனி என் தொழிலின் பழைய தலைவலி ஒன்று. ஒரே கொதிகலனிலிருந்து இரண்டு பொருள்கள் வந்தால் செலவை எதன் தலையில் எழுதுவது? மொலாசஸைச் சர்க்கரையோடு சேர்ந்த கூட்டு உற்பத்திப் பொருளாக எழுதுவதா, வெறும் எச்சமாகத் தள்ளுவதா என்று மேசையைத் தட்டிப் பேசிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கார்பன் கணக்கிலும் அதே சண்டை. அமெரிக்காவில் எத்தனாலுக்குப் போகும் மக்காச்சோளத்தில் எடையளவில் மூன்றில் ஒரு பங்கு, மாவுச்சத்து நீங்கிய கால்நடைத் தீவனமாகத் திரும்புகிறது. ஐரோப்பிய விதி இரண்டு பொருள்களிலும் உள்ள ஆற்றலின் அளவுப்படி உமிழ்வைப் பிரிக்கிறது. அமெரிக்க முறை, அந்தத் தீவனம் வேறெந்தத் தீவனத்தை மிச்சப்படுத்தியது என்று பார்த்து அதை எத்தனாலுக்கு வரவு வைக்கிறது. ஆலை ஒன்றுதான், புகை ஒன்றுதான், விடை மட்டும் இரண்டு. ஐரோப்பிய விதியில் ஒரு பொருள் ‘எச்சம்’ என்ற பட்டியலில் ஏறிவிட்டாலோ, அதைச் சேகரிக்கும் இடம் வரையிலான உமிழ்வு சுழியம் என்றே எழுதுவார்கள். எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் என்பதற்காக நடக்கும் வாதங்கள் வேதியியலைப் பற்றியவை அல்ல என்று சொல்லவும் வேண்டுமா?

இவையெல்லாம் சில்லறை. தொகை நிலத்தில் இருக்கிறது.

காட்டை வெட்டியோ, முழுதும் மட்காத தாவரங்கள் படிந்து கிடக்கும் சதுப்பான கரிச்சேற்று நிலத்தை வடித்தோ எண்ணெய்ப்பனை வைத்தால், மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் வெளியேறும். அது ஒரு கடன். அதன் பிறகு ஆண்டுதோறும் தாவர எரிபொருள் டீசலை மிச்சப்படுத்தி அந்தக் கடனை அடைக்கிறது. எத்தனை ஆண்டில் அடையும்? 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஃபார்ஜியோனியும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். பிரேசிலின் செராடோ புல்வெளியில் கரும்பு வைத்தால் 17 ஆண்டுகள். இந்தோனேசியா, மலேசியாவின் தாழ்நிலக் காட்டில் எண்ணெய்ப்பனை வைத்தால் 86. அமேசான் காட்டில் சோயா என்றால் 319. கரிச்சேற்றுக் காட்டில் எண்ணெய்ப்பனை என்றால் 423. நானூறு ஆண்டுத் தவணையில் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. காற்று மண்டலத்திடம் மட்டும் கேட்காமலே வாங்கிக்கொள்கிறோம். பழைய வயலின் எச்சங்களிலிருந்தோ, கைவிடப்பட்ட தரிசில் வளர்க்கும் பல்லாண்டுப் புல்லிலிருந்தோ எடுத்தால் கடன் கொஞ்சம்தான், அல்லது இல்லவே இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

இந்தக் கடனை ஆண்டுக் கணக்கில் காட்டுவதற்கு, இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவதைப் போல, ஆண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 20 ஆண்டுகளாகப் பிரிக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 30. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான கார்பன் திட்டம் 25. ஒரு பேச்சுக்கு, ஒரு ஹெக்டேரை அழித்ததில் 600 டன் வெளியேறியது என்று வையுங்கள். முதல் முறையில் ஆண்டுக்கு 30 டன், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 24. நிலத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாகிவிட்டது! தேய்மான ஆண்டுகளை நீட்டி லாபத்தைக் கூட்டிக் காட்டும் நிர்வாகங்களைப் பார்த்த எனக்கு இது புதிதல்ல. இயந்திரத்துக்காவது ஆயுள் என்று ஒன்று உண்டு. வெட்டிய மரத்தின் கார்பன் முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் மேலே போய்விடுகிறது. பிரித்து எழுதுவது நம் வசதிக்கு.

காட்டைத் தொடாமல் பழைய வயலிலேயே விளைவித்தால் சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. அந்த வயலில் விளைந்ததை உண்டவர்கள் உண்பதை நிறுத்தப்போவதில்லை. விலை ஏறும், வேறெங்கோ ஒருவர் புதிதாக நிலம் திருத்துவார். 2008இல் சர்ச்சிங்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சேர்த்துப் பார்த்தபோது, 20 சதவீதம் மிச்சம் என்று சொல்லப்பட்ட மக்காச்சோள எத்தனால், முப்பது ஆண்டுகளில் உமிழ்வை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் என்று விடை வந்தது.

அந்த விடையை நான் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த மதிப்பீடுகள் குறைவாகவே இருந்தன. கலிபோர்னியா மாநிலம் மக்காச்சோள எத்தனாலுக்கான இந்த மறைமுக நிலச் சுமையை எரிபொருள் தரும் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 30 கிராம் கரியமில வாயு என்று தொடங்கி, 2015இல் 19.8 கிராமாகக் குறைத்தது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிடக் குறைவான உமிழ்வு கொண்டதல்ல, 24 சதவீதம் கூடுதலாகவும் இருக்கலாம் என்றது. அமெரிக்க அரசின் ஆர்கான் ஆய்வகமோ 40 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்கிறது. ஒரே பயிர், ஒரே நாடு. இரண்டு தணிக்கையாளர்கள் ஒரே நிறுவனத்தைப் பார்த்து ஒருவர் லாபம் என்றும் மற்றவர் நஷ்டம் என்றும் எழுதினால், கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதில் பயனில்லை. அனுமானங்களைத்தான் பார்க்க வேண்டும். இங்கே பிளவு பெரும்பாலும் நிலத்தில்தான் வருகிறது: விலை ஏறினால் எவ்வளவு புது நிலம் திறக்கும், அந்த நிலத்தின் மண்ணில் எவ்வளவு கார்பன் இருந்தது என்ற இரண்டு அனுமானங்களில்.

ஐரோப்பிய ஆணையத்துக்காகக் குளோபியம் என்ற நிலப்பயன்பாட்டுக் கணினி மாதிரியைக் கொண்டு செய்து 2016இல் வெளிவந்த ஆய்வு, நிலமாற்றத்தால் வரும் சுமையை மட்டும் பாமாயில் பயோடீசலுக்கு மெகாஜூலுக்கு 231 கிராம் என்றது. மக்காச்சோள எத்தனாலுக்கு 14, கரும்புக்கு 17. ஒப்பிட்டுப் பாருங்கள்: பெட்ரோல், டீசலின் மொத்த உமிழ்வுக்கே அங்கே வைத்திருக்கும் ஒப்பீட்டு எண் 94 கிராம்தான். (அந்த எண் முன்பு 83.8 ஆக இருந்தது. ஒப்பீட்டு எண் உயர்ந்த அன்றே எல்லாத் தாவர எரிபொருள்களின் ‘மிச்சம்’ சதவீதமும் ஒரு செடிகூட நடாமல் உயர்ந்தது. திருத்தத்துக்கு நியாயம் இருக்கலாம். வாசகருக்கு யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை.) பாமாயிலுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேரில் சோயா தரும் எண்ணெயைப் போலப் பல மடங்கு தருவது எண்ணெய்ப்பனை. தப்பு மரத்தில் இல்லை. அது நின்ற கரிச்சேற்றில், அதை வடித்த வாய்க்காலில் இருக்கிறது. வடிந்த கரிச்சேறு பல பத்தாண்டுகள் மட்கிக்கொண்டே கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும்.

நாடுகள் தரும் கணக்கில் இன்னொரு ஓட்டை. தாவர எரிபொருளை எரிக்கும் நாடு தன் போக்குவரத்துக் கணக்கில் அதன் கரியமில வாயுவைச் சுழியம் என்று எழுதும். மரம் போன கணக்கு, மரம் நின்ற நாட்டின் நிலப் பகுதியில் வர வேண்டும் என்பது விதி. அந்த நாட்டுக்கு உமிழ்வு வரம்பே இல்லையென்றால்? உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்பாட்டில் வளரும் நாடுகளுக்கு அப்படித்தான் இருந்தது. கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே ஒரு செலவு காணாமல் போவது என்பார்களே, அது. 2009இலேயே ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பிழை என்று பெயரிட்டே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் கழிவிலிருந்து எடுக்கலாமே என்று தங்கள் கட்டுரையும் முடிகிறது. ஒப்புக்கொள்கிறேன், பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, சாண எரிவாயு ஆகியவற்றின் கணக்கு பயிர் எரிபொருளைவிட நேர்மையானது. ஆனால் கழிவு அளவோடுதான் கிடைக்கும். எரிபொருள் வேண்டும் என்பதற்காக யாரும் கூடுதலாக வடை சுடப்போவதில்லை. ஐரோப்பிய விதியில் பயன்படுத்திய எண்ணெயை, புதுப்பிக்கத்தக்க எரிபொருளுக்கான இலக்கில் இருமடங்காகக் கணக்கிட அனுமதித்தார்கள். பழைய எண்ணெய் புதிய பாமாயிலைவிட விலை உயர்ந்து விற்ற காலங்களும் வந்தன. கழிவுக்கு நல்ல சரக்கைவிட அதிக விலை என்றால், கிடங்குக்குப் போய்ச் சரக்கை நேரில் எண்ணிப் பார்க்காமல் எந்தத் தணிக்கையாளரும் தூங்க மாட்டார். புதிய எண்ணெய் பழையது என்ற பெயரில் வருகிறதா என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் தீர்ப்பே இருக்கிறது. அங்கே தாவர எரிபொருளின் ஒவ்வொரு காலனுக்கும் 38 இலக்க எண் ஒன்று உண்டு. சட்டம் கேட்ட அளவை நிறைவேற்றியதாகக் காட்ட எண்ணெய் நிறுவனங்கள் வாங்குவதால், அந்த எண்ணே தனியாக விற்பனையாகும். மேரிலாந்தில் ஒருவர் பயோடீசல் ஏதும் தயாரிக்காமலே 3.2 கோடிக்கும் மேற்பட்ட எண்களை விற்று ஏறக்குறைய 90 லட்சம் டாலர் பார்த்தார். 2013இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை கிடைத்தது.

வைக்கோல், சோளத்தட்டை போன்ற எச்சங்களும் சும்மா கிடப்பவை அல்ல. அவை வயலில் மட்கினால்தான் மண்ணுக்குக் கார்பன். அளவுக்கு மேல் அள்ளினால் அந்த இழப்பும் செலவில் வர வேண்டும். தவிரவும் செல்லுலோஸிலிருந்து எத்தனால் என்பது அறிக்கையில் எளிது, ஆலையில் கடினம். அமெரிக்கா 2007இல் இயற்றிய சட்டம் 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் என்றது. கிடைத்தது அதன் அருகில்கூட வரவில்லை. தரிசில் காட்டாமணக்கு வைத்தால் டீசல் கொட்டும் என்று உலகெங்கும் பேசிய காலமும் நினைவிருக்கும். தரிசில் அது உயிரோடு இருக்கும், உண்மை. காய்ப்பதற்குத் தண்ணீரும் உரமும் கேட்டது.

இவ்வளவும் சொன்னதால் தாவர எரிபொருளே வேண்டாம் என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். சக்கையில் ஓடும் ஆலையும், பழைய வயலும், மூடிய கழிவுக் குளமும் சேர்ந்தால் நல்ல எரிபொருள் கிடைக்கும். அத்தகைய ஆலைகளைப் பார்த்தவன் நான். எங்கே எரிப்பது என்பதில்தான் தங்கள் கட்டுரையோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பயிர், தன்மீது விழும் சூரிய ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே பொதுவாகச் சேமிக்கிறது. சூரியத் தகடு 20 சதவீதம் அளவுக்கு மின்சாரமாக்குகிறது. மின்சாரத்தில் ஓடக்கூடிய காருக்காக வயலை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீண்ட தூரம் பறக்கும் விமானத்துக்கு மின்கலம் இன்னும் எட்டாத ஒன்று. கிடைக்கிற கொஞ்சம் நல்ல கழிவு எண்ணெய் அங்கே போகட்டும். ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில் 2025க்கு 2 சதவீதம், 2050க்கு 70 சதவீதம் என்று கலப்பு விதி வைத்தபோது, உணவுப் பயிரிலிருந்து வருவதை அதில் சேர்க்கவில்லை. அந்த விலக்கைப் பிற நாடுகளும் எழுதிக்கொள்ளலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ‘இத்தனை சதவீதம் கார்பன் மிச்சம்’ என்று எந்த நிறுவனமோ அமைச்சகமோ அறிக்கை தந்தாலும், நிலம் அதில் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் எத்தனை ஆண்டுகளாகப் பிரித்தார்கள், கொதிகலனில் ஆண்டு முழுவதும் எரிந்தது எது என்று தங்கள் நிருபர் கேட்டு, பதிலைச் சதவீதத்தின் கீழேயே அச்சிட வேண்டும். பதில் தர மறுத்தால் ‘மறுத்தார்கள்’ என்று அச்சிடுங்கள். அதற்கு இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற செலவுக் கணக்குத் தணிக்கையாளர்